நடுவுல யாரும் இல்லாத நாவல்கள்: நைட் டூட்டியில் படித்த காதல் மர்மக் கதைகள் பற்றி

1/
கதாநாயகி ரெண்டு வருஷமா கோமாவுல இருக்கா. ஒரு மழை நாள்ல கண் முழிக்கிறா. முதல் வார்த்தை "அத்தான்". தலைமுடி கலையல, உதடு காயல. அவளே எழுந்து ஜன்னல் வரைக்கும் நடந்து போறா.

ஒரு டாக்டரா இந்த இடத்துல நான் போனைக் கீழ வச்சிருக்கணும். வைக்கல. குற்றவாளி யாருன்னு தெரியாம தூக்கம் வராதுன்னு விடியற வரைக்கும் படிச்சேன். ஏன்னு சொல்றேன். நீளமான த்ரெட், டீ வச்சுக்கிட்டு படிங்க.

2/
முதல்லயே சொல்லிடறேன். நான் பேசப்போறது ஒரு தனி நாவலைப் பத்தி இல்ல, ஒரு வகையைப் பத்தி. பதிப்பகம்னு ஒண்ணு இல்லாம, எழுதுறவங்களே வெளியிடுற காதல் மர்ம நாவல்கள். மேல சொன்ன கோமா சீன் நாலஞ்சு கதைகள்ல பார்த்தது, சேர்த்துச் சொன்னேன். எந்த எழுத்தாளரையும் கிண்டல் பண்றது நோக்கம் இல்ல. எனக்கு இந்தக் கதைகள் பிடிக்கும். பிடிக்கிறதாலதான் கோபமும் வருது.

3/
இந்தப் பழக்கம் வந்தது வார்டுல. ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில வேலை. நைட் ரவுண்ட்ஸ் போனா, கட்டிலுக்குப் பக்கத்துல பாய் விரிச்சுப் படுத்திருக்கிற அட்டெண்டர்கள் முகத்துல போன் வெளிச்சம் தெரியும். ரீல்ஸ்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு நாள் எட்டிப் பாத்தா எழுத்து. "அத்தியாயம் 47".

4/
மாமியாருக்கு சர்க்கரை, கால்ல புண்ணு. பதினோரு நாளா கூடவே இருக்கிற மருமக. "என்னக்கா படிக்கிறீங்க?"ன்னு கேட்டேன்.

"கதை டாக்டர். கல்யாணமான மூணாம் மாசம் ஒரு பொண்ணு காணாமப் போயிடுறா. அவ புருஷன்தான் ஏதோ பண்ணிட்டான்னு ஊரே சொல்லுது. எனக்கு அந்தக் கொழுந்தன் மேலதான் சந்தேகம்."

அந்தக் கதையோட லிங்க்கை அவங்களே அனுப்பினாங்க. நான் அப்படித்தான் மாட்டினேன்.

5/
விவரம் தெரியாதவங்களுக்கு: 2014ல பெங்களூர்ல தொடங்கின பிரதிலிபி, 2016 கடைசியில தமிழையும் சேர்த்துக்கிட்ட கிண்டில் நேரடிப் பதிப்பு. இந்த மாதிரி வசதிகள் வந்த பிறகு நாவல் எழுத யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம். ராத்திரி சமையல்கட்டைக் கழுவிட்டு உட்கார்ந்து எழுதலாம், அட்டைப்படத்தை அண்ணன் மகன்கிட்ட சொல்லிப் பண்ணலாம், பட்டனை அமுக்கினா வெளிய வந்துடும். மறுநாள் காலையில வாசகர் கமெண்ட் வரும். நடுவுல எடிட்டர் இல்ல, பிழை திருத்துறவர் இல்ல, "இது விக்காதும்மா"ன்னு சொல்ற ஆளும் இல்ல.

6/
இலக்கியம் பேசுறவங்ககிட்ட இந்தப் பேச்சை எடுத்தா "அதெல்லாம் குப்பை சார்"னு ஒரே வார்த்தை. எத்தனை படிச்சீங்கன்னு கேட்டா ஒண்ணும் இல்ல. நான் முப்பதுக்கு மேல படிச்சாச்சு. என் கருத்து இது: இந்த நாவல்களோட பலமும் பலவீனமும் ஒரே இடத்துல இருந்து வருது. நடுவுல யாரும் இல்ல. அதனாலதான் வேற எங்கயும் வராத உண்மை இதுல வருது. அதனாலதான் உயிருக்கே ஆபத்தான பொய்யும் தடுப்பாரில்லாம வருது.

7/
இது ஒண்ணும் புதுசு இல்ல. வை.மு. கோதைநாயகி அம்மாள், 1901ல பிறந்தவங்க. அஞ்சரை வயசுல கல்யாணம். 1924ல முதல் புத்தகம், 'இந்திர மோகனா'ன்னு ஒரு நாடகம். அப்போ அவங்களுக்குச் சரளமா எழுத வராது. அவங்க வாயால சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினாங்க.

அடுத்த வருஷமே 'ஜகன்மோகினி'ங்கிற பத்திரிகையை வாங்கிட்டாங்க. அதுல 'வைதேகி'ங்கிற தன் நாவலைத் தொடரா வெளியிட்டாங்க.

8/
யோசிச்சுப் பாருங்க. எழுதுறவங்க அவங்க, ஆசிரியர் அவங்க, பத்திரிகை அவங்களது. காதல், குடும்பம், துப்பறிதல் எல்லாம் கலந்து மொத்தம் 115 நாவல். தமிழ்ல துப்பறியும் நாவல் எழுதின முதல் பெண்ணுன்னு அவங்களைத்தான் சொல்வாங்க. நடுவுல சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்கும் போயிட்டு வந்தாங்க. கடைசியில காசநோய் வந்து, 1960ல தாம்பரம் சானடோரியத்துல இறந்தாங்க. இன்னிக்கு போன்ல அத்தியாயம் அத்தியாயமா கதை போடுற ஒவ்வொரு அக்காவுக்கும் அவங்கதான் பாட்டி.

9/
அதே காலத்துல இன்னொருத்தர், வடுவூர் துரைசாமி ஐயங்கார். 'மனோரஞ்சனி'ன்னு சொந்தமா ஒரு மாத இதழ் நடத்தி அதுல நாவல்களைப் போட்டார். அவரோட 'மேனகா' 1935ல சினிமாவாவும் வந்தது. கதை என்ன? டெபுடி கலெக்டர் பொண்ணு மேனகா, வக்கீல் வராகசாமிக்கு வாழ்க்கைப்பட்டுப் போறா. நாத்தனார்கள் படுத்துற பாடு. சதி பண்ணி அவளைப் பணத்துக்கு ஒரு பணக்காரன்கிட்ட வித்துடுறாங்க. புருஷனோ இவ ஓடிப்போயிட்டான்னு நம்புறான். அவளைக் காப்பாத்துறது யார் தெரியுமா? வாங்கினவனோட மனைவி நூர்ஜஹான்.

10/
நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதின கதை. பேரை மட்டும் மாத்தி இன்னிக்கு ஆப்ல போட்டா அப்படியே ஓடும். குற்றம் நடக்கிற இடம் வீடு. குற்றவாளி சொந்தக்காரங்க. காப்பாத்துறது இன்னொரு பெண். ஆனா கதையோட உசிரே "அவ கற்பு தப்பிச்சதா?"ங்கிற ஒரே கேள்வியில தொங்கும். இந்தப் பலமும் இந்த நோயும் ரெண்டுமே இன்னிக்கு வரைக்கும் தொடருது. முதல்ல பலம்.

11/
நாமெல்லாம் பாக்கெட் நாவல் படிச்சு வளர்ந்தவங்க. கணேஷ் வசந்த், விவேக், பரத் சுசீலா, நரேந்திரன் வைஜயந்தி. அருமையான கதைகள், இன்னிக்கும் பிடிக்கும். ஆனா அதுல துப்பறியறவர் வெளியில இருந்து வருவார். கார்ல வருவார், கேள்வி கேட்பார், கண்டுபிடிச்சுட்டுப் போயிடுவார். இந்த நாவல்கள்ல துப்பறியறது அந்த வீட்டு மருமக. அவளால கார் ஏறிப் போயிட முடியாது. சந்தேகப்படுற ஆளுக்கே மதியம் சோறு போடணும்.

12/
வார்டு அக்கா கொழுந்தனைச் சந்தேகப்பட்டாங்கல்ல, காரணம் கேட்டேன். "அந்தப் பொண்ணு இருந்த வரைக்கும் அவன் கேட்டுத்தான் தண்ணி குடிப்பான் டாக்டர். அவ காணாமப் போன மறுநாள் அவனே அடுப்படிக்குள்ள வந்து மோந்து குடிச்சான். இனி அவ வரமாட்டான்னு அவனுக்கு மட்டும்தானே தெரியும்?"

நான் அந்த வரியைப் படிச்சு, தாண்டிப் போயிருந்தேன். கடைசியில அவன்தான். எம்.பி.பி.எஸ். படிச்ச எனக்குத் தெரியாத தடயம் அது. அதை எழுதினவங்களும் ஒரு அடுப்படியில நின்னவங்களாத்தான் இருக்கணும்.

13/
இன்னொரு பலம் காசு. நகை யார் பேர்ல அடகுல இருக்கு, சவுதியில இருந்து வர்ற பணம் யார் கணக்குல விழுது, ஏ.டி.எம். கார்டு யார் பையில இருக்கு, மகளிர் குழுக் கடனை யார் கட்டுறது. இந்த நாவல்கள்ல கொலைக்கான காரணம் பெரும்பாலும் இந்த மாதிரி விஷயத்துல இருக்கும். ஒரு பதிப்பக எடிட்டர் இருந்தா "இவ்வளவு கணக்கு வழக்கு எதுக்கு, சுருக்குங்க"ன்னு சொல்லியிருப்பார். சுருக்காததாலதான் அது நம்ம ஊர்க் கதையா இருக்கு.

14/
மூணாவது பலத்தை நான் கேஷுவால்டியில பார்த்தேன். ஒரு பெண், கையில எலும்பு முறிவு. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்." பழைய சீட்டுல பார்த்தா மூணாவது தடவை விழுந்திருக்காங்க. கூட வந்தவங்களை வெளிய அனுப்பிட்டு சிஸ்டர் பக்கத்துல உட்கார்ந்து கேட்டாங்க. கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "ஒரு கதை படிச்சேன் சிஸ்டர், அதுல ஒருத்தி..."ன்னு ஆரம்பிச்சாங்க. அந்தக் கதாநாயகிக்கு நடந்ததை முழுசாச் சொல்லி முடிச்சிட்டு, "எனக்கும் அதேதான்"னாங்க.

15/
தன் கதையைச் சொல்ல வார்த்தை இல்லாத ஒருத்தருக்கு இன்னொருத்தரோட கதை வார்த்தை கொடுத்துச்சு. எந்த விருது வாங்கின நாவலும் என் கண் முன்னாடி இதைச் செஞ்சதில்ல. (உங்களுக்கோ தெரிஞ்சவங்களுக்கோ இப்படி நிலைமைன்னா 181 பெண்கள் உதவி எண். இருபத்துநாலு மணி நேரமும் கூப்பிடலாம். ஆஸ்பத்திரியில எங்ககிட்டயும் சொல்லலாம். ஏ.ஆர். புத்தகத்துல பதிவு பண்றது எங்க கடமை.)

16/
இனி பலவீனம். சின்னதுல இருந்து பெருசுக்குப் போறேன்.

சின்னது, எங்க ஊரு. காதல் மர்ம நாவல்னா தனுஷ்கோடி இல்லாம முடியாது போல. இடிஞ்ச சர்ச் சுவர், நிலா வெளிச்சம், வெள்ளைப் புடவை, ராத்திரி பன்னெண்டு மணிக்குக் காதலர்கள் சந்திப்பு. இருட்டின பிறகு சுற்றுலா வர்றவங்களை அந்தப் பக்கம் விடமாட்டாங்க. காத்துல மணல் அடிச்சு கண்ணையே திறக்க முடியாது, இதுல எங்க பார்வையால பேசுறது?

17/
1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல ஒரு பாசஞ்சர் ரயிலே பயணிகளோட கடலுக்குள்ள போன ஊர் அது. வாழத் தகுதியில்லாத இடம்னு அரசாங்கம் சொன்ன பிறகும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு அங்கதான் இருக்காங்க. அவங்க யாரும் இந்த நாவல்கள்ல வர்றதில்ல. ஆவி வரும், ஆள் வராது. வீட்டை இவ்வளவு நுணுக்கமா எழுதுறவங்க, வெளியூர் வந்தா சினிமா பாட்டு லொக்கேஷனை எழுதிட்டுப் போயிடுறாங்க.

18/
இந்தக் கரையில நிஜமான காதல் மர்மம் என்ன தெரியுமா? கடலுக்குப் போன புருஷன் திரும்பல. படகு கிடைச்சுது, உடம்பு கிடைக்கல. இறந்துட்டார்னு சட்டம் எடுத்துக்க பொதுவா ஏழு வருஷம் தகவல் இல்லாம இருக்கணும். அதுவரைக்கும் அவங்க மனைவியா, விதவையா? இறப்புச் சான்றிதழ் இல்லாம எந்த ஆபீஸ்ல என்ன கேட்கிறது? ஓ.பி.ல "தூக்கம் வரல டாக்டர்"னு வருவாங்க. கழுத்துல தாலி இருக்கும். அதைப் பத்தி நான் கேட்டதில்ல. இதை யாராவது எழுதுங்க, முதல் ஆளா வாங்கிப் படிக்கிறேன்.

19/
அடுத்து மருத்துவம். கோமா. நிஜத்துல கோமா நோயாளிக்கு மூக்கு வழியா உணவுக் குழாய், சிறுநீருக்குக் குழாய், பல சமயம் தொண்டையில துளை போட்டு மூச்சுக் குழாய். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கலன்னா முதுகுல புண் வந்துடும். ரெண்டு வருஷம் படுத்த கால் தசை கரைஞ்சு குச்சியாகிடும். எழுந்து நிக்கவே பல மாசப் பயிற்சி வேணும். அந்த ரெண்டு வருஷமும் திருப்பிப் போட்டது பெரும்பாலும் ஒரு அம்மாவோ மனைவியோ. காதல் கதை எழுதணும்னா அந்தத் திருப்பிப் போடுறதுல இருக்குங்க காதல்.

20/
ஞாபக மறதி. தலையில அடிபட்டா புருஷன் பேர் மறந்துடும், இன்னொரு அடி பட்டா திரும்ப வந்துடும். அடிபட்டவங்களுக்கு வழக்கமா மறக்கிறது விபத்தை ஒட்டின நேரம். தன் பேரையே மறக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ரெண்டாவது அடி ஞாபகத்தைக் கொண்டு வராது, ரத்தக் கசிவைத்தான் கொண்டு வரும். சில சமயம் அடிபட்டவர் நல்லாப் பேசிக்கிட்டே இருந்து, சில மணி நேரம் கழிச்சு மயங்குவார். "பேசுறாரே, ஒண்ணும் இல்ல"ன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க.

21/
கைக்குட்டையில மயக்க மருந்து. மூக்குல வச்ச மறு நொடி கதாநாயகி சாய்ஞ்சுடுவா, ஒரு மணி நேரத்துல அழகாக் கண் முழிப்பா. குளோரோபார்ம் வேலை செய்ய நிமிஷக் கணக்கு ஆகும். அதுக்குள்ள அவ கத்தி ஊரைக் கூட்டிடுவா. கொஞ்சம் கூடினா இதயமே நிக்கும். பிரசவ வலிக்கு அதைச் சிம்ப்சன் பயன்படுத்தினது 1847ல. சில மாசத்துலயே, 1848 ஜனவரியில, கால்விரல் நகம் எடுக்க வந்த ஹானா கிரீனர்ங்கிற 15 வயசுப் பொண்ணு அதுல இறந்தா. மயக்க மருந்துக்குன்னு தனியா டாக்டர் இருக்கிறது சும்மா இல்ல.

22/
போஸ்ட்மார்ட்டம். "இரவு 11.20க்கு இறந்திருக்கிறார்"னு எந்த டாக்டரும் எழுத முடியாது. உடம்புச் சூடு, விறைப்பு, ரத்தம் தேங்கின இடம் எல்லாம் பார்த்து, இத்தனை மணியில இருந்து இத்தனை மணிக்குள்ளன்னுதான் சொல்வோம். எங்க ஊர் வெயில்ல அதுவும் கஷ்டம். நடுராத்திரி போஸ்ட்மார்ட்டமும் அப்படித்தான். 2021 நவம்பர்ல மத்திய சுகாதாரத் துறை, வசதி இருக்கிற இடத்துல சூரியன் மறைஞ்ச பிறகும் செய்யலாம்னு அனுமதிச்சது. ஆனா கொலை, தற்கொலை, சந்தேக மரணமெல்லாம் பொதுவா அதுல சேராது. மர்ம நாவல்ல வர்ற சாவு எல்லாமே அந்த லிஸ்ட்டுதானே!

23/
இதுவரைக்கும் சொன்னது சிரிச்சுட்டுப் போகலாம். இது அப்படி இல்ல. புதுசாக் கல்யாணமான பொண்ணு சாவு, இன்ஸ்பெக்டர் ரெண்டே நாள்ல "தற்கொலை"ன்னு ஃபைலை மூடிடுறார், குடும்பமும் எரிச்சுடுது. கதை இப்படி நகரும். நிஜத்துல, கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள ஒரு பெண் சந்தேகமான முறையில இறந்தா ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. வரதட்சணை மரணத்துக்குச் சட்டத்துல தனிப் பிரிவே இருக்கு. இது பொண்ணைப் பெத்தவங்க ஒவ்வொருத்தருக்கும் தெரியணும். லட்சம் பேர் படிக்கிற கதையில ஒரு வரி சேர்த்தா லட்சம் பேருக்குத் தெரியும். அந்த வாய்ப்பு வீணாப்போகுது.

24/
அடுத்தது என்னைப் படுத்துற சீன். கடத்தப்பட்ட கதாநாயகியை மீட்டாச்சு. லேடி டாக்டர் பரிசோதிச்சுட்டு வெளிய வந்து, "அவங்களுக்கு ஒண்ணும் ஆகல, அவங்க பரிசுத்தமாத்தான் இருக்காங்க"ன்னு சொல்வார். கதாநாயகன் கண் கலங்குவான். கமெண்ட்ல நூறு இதயம்.

'மேனகா'வுல இருந்த அதே கேள்விதான். நூறு வருஷத்துல ஒரு டாக்டரைச் சாட்சியாச் சேர்த்திருக்கோம், அவ்வளவுதான்.

25/
தெளிவாச் சொல்றேன். அப்படி ஒரு பரிசோதனை மருத்துவத்துல கிடையாது. கன்னித்திரையைப் பார்த்து ஒரு பெண்ணோட கடந்த காலத்தைச் சொல்ல முடியாது. இரு விரல் பரிசோதனை பெண்ணோட கண்ணியத்துக்கு எதிரானதுன்னு உச்ச நீதிமன்றம் 2013லயே சொல்லியாச்சு. அதைச் செய்யிற டாக்டர் ஒழுங்கீனக் குற்றவாளின்னு 2022ல சொல்லியாச்சு. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு நாங்க செய்ய வேண்டியது சிகிச்சை, தடயம் சேகரிப்பு, கர்ப்பத் தடுப்பு, தொற்றுத் தடுப்பு, மனசுக்கு ஆறுதல். சர்டிபிகேட் கொடுக்கிறது இல்ல. நாவல்ல அந்த வரியைப் படிச்ச பொண்ணு, நாளைக்குத் தனக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்கு வரவே பயப்படுவா.

26/
அதைவிடப் பெரிய குறை கதாநாயகன். முரடன், பணக்காரன், கோபக்காரன். முதல் அத்தியாயத்துல கட்டாயத் தாலி. அஞ்சாவதுல அறை. பத்தாவதுல அவ சம்மதம் இல்லாம படுக்கை. இருபதாவதுல அவனோட சோகமான சின்ன வயசு ஃப்ளாஷ்பேக். இருபத்தஞ்சாவதுல அவளுக்குக் காதல்.

இங்கதான் என் மொத்த வருத்தமும். மர்மப் பாதி ஒரு குற்றவாளியை விடாம துரத்துது. காதல் பாதி அதே வீட்டுல இன்னொரு குற்றவாளிக்கு மாலை போடுது.

27/
தண்ணிச் செம்புல தடயம் கண்டுபிடிக்கிற அதே எழுத்தாளருக்கு, கன்னத்துல விழுந்த அறை தடயமாத் தெரியல. தெரியாம இல்ல, தெரியும். நாயகன்னா மன்னிச்சுடணும்ங்கிறது எழுதப்படாத விதி. கேட்டா "வாசகர்கள் அதைத்தான் கேட்கிறாங்க"ம்பாங்க. சில பேர் கேட்கிறாங்க, உண்மைதான். ஆனா கை ஒடிஞ்சு மூணாவது தடவை வந்த பெண்ணும் அவங்க வாசகர்தான். அவங்க கேட்டது அதை இல்ல.

28/
கடைசியா, இந்த த்ரெட் எழுதவே காரணமான விஷயம். கனமா இருக்கும், தாங்க முடியாதவங்க 31க்குப் போயிடுங்க.

நிறையக் கதைகள்ல கதாநாயகி தற்கொலைக்கு முயற்சி பண்ணுவா. ஆஸ்பத்திரி, "வயித்தைக் கழுவியாச்சு, பயமில்ல", மறுநாள் காலையில தலையணையில சாய்ஞ்சு உட்கார்ந்திருப்பா. நாயகன் ஓடி வருவான், அப்பதான் அவனுக்குத் தன் காதல் புரியும். சாவு முயற்சி ஒரு காதல் கடிதம் மாதிரி வேலை செய்யும்.

29/
நிஜத்துல நாங்க பார்க்கிறது என்னன்னா: சில விஷங்கள்ல மறுநாளும் அதுக்கு மறுநாளும் ஆள் நல்லாத்தான் இருப்பாங்க. (பேர் சொல்லல, காரணத்தோடதான்.) பேசுவாங்க, சாப்பிடுவாங்க, "ஏன் இப்படிப் பண்ணேன்னு தெரியல டாக்டர், இனிமே பண்ண மாட்டேன்"னு அழுவாங்க. உள்ள கல்லீரல் கெட்டுக்கிட்டு இருக்கும். மூணாம் நாள், நாலாம் நாள் கண் மஞ்சளாகும். அதுக்குப் பிறகு எங்க கையில கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும்.

30/
ஒரு குடும்பம் ரெண்டாம் நாள் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்னு நின்னாங்க. "ஆள் நல்லாத்தானே இருக்கா டாக்டர், வெளிய தெரிஞ்சா அசிங்கம்." மூணு தடவை எடுத்துச் சொன்னேன். கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நாலாம் நாள் 108ல திரும்ப வந்தாங்க. அதுக்கு மேல சொல்ல வேண்டாம்.

அந்தக் குடும்பம் கதை படிச்சு இப்படிப் பண்ணுச்சுன்னு நான் சொல்லல, அது தப்பு. ஆனா "வயித்தைக் கழுவியாச்சு, பயமில்ல"ங்கிறது நம்ம எல்லார் மனசுலயும் எங்க இருந்து வந்துச்சு? சினிமா, சீரியல், கதை. அந்தப் பட்டியல்ல நீங்களும் இருக்கீங்க.

31/
எல்லாரும் குறிச்சுக்குங்க: விஷம் சாப்பிட்டவங்க நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் டாக்டர் விடுற வரைக்கும் ஆஸ்பத்திரியை விட்டுப் போகாதீங்க. மனசு தாங்காத நேரத்துல 104 அல்லது 14416 கூப்பிடுங்க, காசு இல்ல.

எழுதுறவங்களுக்கு: முறையை விவரிக்காதீங்க, தற்கொலையைத் தீர்வாவோ காதலோட நிரூபணமாவோ காட்டாதீங்க. இதுக்குன்னே உலக சுகாதார நிறுவனம் பத்திரிகைக்காரங்களுக்கும், 2019ல சினிமா, நாடகம் எடுக்கிறவங்களுக்கும் வழிகாட்டி போட்டிருக்கு. நாவலுக்கும் அது பொருந்தும்.

32/
அப்போ என்ன பண்ணலாம்? "எடிட்டர் வேணும், பதிப்பகம் வேணும்"னு நான் சொல்லப்போறதில்ல. பதிப்பகம் வந்தா முதல்ல வெட்டுறது அந்தத் தண்ணிச் செம்பைத்தான். கோதைநாயகி அம்மாள் யார் அனுமதிக்காகவாவது காத்திருந்தா 115 நாவல் வந்திருக்காது.

அதே சமயம் வடுவூரார் பின்னாள்ல, நம்ம முன்னோர் எகிப்துல இருந்து வந்தாங்கன்னு இங்கிலீஷ்ல ஒரு பெரிய புத்தகமே எழுதி வெளியிட்டார். அதுல கைக்காசு போய் நொடிஞ்சார்னு சொல்வாங்க. லட்சக்கணக்கானவங்களைப் படிக்க வச்சவருக்குப் பக்கத்துல உட்கார்ந்து "இது நிஜமாங்க?"ன்னு கேட்க ஒரு ஆள் இல்லாமப் போச்சு.

33/
எனக்கு வேணும்னு தோணுறது அந்த ஒரு ஆள்தான். பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட காட்டுங்க. ஆஸ்பத்திரி சீன் இருந்தா ஒரு நர்ஸ்கிட்ட. கோர்ட் சீன்னா ஒரு வக்கீல் குமாஸ்தாகிட்ட. கடல் வந்தா கடலுக்குப் போறவங்ககிட்ட. கச்சான் எப்போ, வாடை எப்போன்னு அவங்க சொல்வாங்க. அவங்ககிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க. "இது இப்படித்தான் நடக்குமா?" "உங்க பொண்ணுக்கு நடந்தா இவனை மன்னிப்பீங்களா?"

34/
படிக்கிறவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. "சூப்பர் சிஸ், அடுத்த எபி எப்போ"ன்னு மட்டும் போடாதீங்க. பிடிக்காததையும் மரியாதையாச் சொல்லுங்க. அச்சுல வந்த நாவலாசிரியருக்கு உங்க குரல் போய்ச் சேர மாசக்கணக்குல ஆகும். இவங்களுக்கு அன்னிக்கு ராத்திரியே போய்ச் சேருது. நடுவுல யாரும் இல்லன்னா, அந்த நடு இடம் உங்களுக்கும்தான் திறந்திருக்கு.

35/
அந்த வார்டு அக்காவோட மாமியாருக்குப் புண் ஆறி டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்க. போறப்போ கேட்டேன், "கதை முடிஞ்சதாக்கா?"

"முடிஞ்சது டாக்டர். கொழுந்தனைப் போலீஸ் புடிச்சிருச்சு. ஆனா அந்தப் புருஷன் இருக்கானே, அவளைச் சந்தேகப்பட்டு அறைஞ்சவன், அவனை மன்னிச்சு அவன்கூடவே போயிட்டா. எனக்குப் பிடிக்கல. கமெண்ட்ல எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"'கொழுந்தனைக் கண்டுபிடிச்சீங்க, இவனை ஏன் விட்டீங்க'ன்னு."

36/
எழுதினவங்க பதில் போட்டிருந்தாங்களாம். "நீங்க சொன்னதுல இருந்து அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன் அக்கா"ன்னு.

நான் முப்பத்தஞ்சு போஸ்ட்ல சொன்னதை அவங்க ஒரு வரியில சொல்லிட்டாங்க. அந்த எழுத்தாளரோட அடுத்த கதைக்குக் காத்திருக்கேன்.

எழுதுறவங்களுக்கு ஆஸ்பத்திரி சம்பந்தமா எந்தச் சந்தேகம்னாலும் இன்பாக்ஸ்ல கேளுங்க. கோமாவுல ஆரம்பிச்சு போஸ்ட்மார்ட்டம் வரைக்கும் எதுவானாலும். நைட் டூட்டி இல்லாத நாள்ல கண்டிப்பா பதில் சொல்வேன். காசு வேண்டாம், கொலைகாரன் யாருன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடாதீங்க.